கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

டொயோட்டா கார் ஆலையின் அசெம்பிளி லைனில், வேலை செய்பவரின் தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். இப்போது பல ஆலைகளில் அதற்குப் பதில் மஞ்சள் பொத்தான் வந்துவிட்டது, ஆனால் வேலை ஒன்றுதான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்துகிறவர், அது ஓரிடத்தில் சரியாக உட்காரவில்லை என்று கண்டால் கயிற்றை இழுப்பார். ஒரு மெட்டு ஒலிக்கும். மேலே தொங்கும் பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் மஞ்சளாக எரியும். லைன் அந்த நொடியிலேயே நிற்பதில்லை. கார் அவருடைய எல்லைக்கோட்டை எட்டும்வரை, அதாவது இன்னும் சில நொடிகள், நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் டீம் லீடர் வந்துவிடுவார். இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி ஓர் இழுப்பு. விளக்கு அணையும், யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. முடியவில்லை என்றால் கார் கோட்டைத் தொட்டதும் லைன் நிற்கும், விளக்கு சிவப்பாகும்.

டொயோட்டாவில் பிறந்த, வீணடிப்பைக் களையும் இந்த உற்பத்தி முறைக்கு லீன் என்று பெயர். லீன் பற்றி நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கயிற்றின் படம் தவறாமல் வரும். கயிற்றை இழுத்ததும் வந்து நிற்கிறாரே, அந்த ஆளைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டுக்கும் அச்சாணி அவர்தான். எல்லாரும் முழு நேரமும் கைநிறைய வேலையோடு இருக்கும் ஆலையில், இழுத்த சில நொடிகளில் ஓடிவர ஒருவருக்கு எப்படி நேரம் கிடைக்கிறது? லீன் என்றால் ஆட்குறைப்பு, ஸ்டாக் குறைப்பு, செலவுக் குறைப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கயிற்றின் கதை காருக்கு முன்பே, தறியில் ஆரம்பிக்கிறது. தச்சர் மகனான சகிச்சி டொயோடா 1924இல் ஒரு தானியங்கித் தறியை முடித்தார். ஊடை, அதாவது குறுக்கு நூல், தீர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே அந்த நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அது மாற்றிக்கொள்ளும். நெடுக ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் அதுவே நின்றுவிடும். ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய உலோகத் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும்; இழை அறுந்ததும் துண்டு கீழே விழும், தறி நிற்கும். அதுவரை, அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் மீட்டர் கணக்கில் குறையுள்ள துணி நெய்யப்பட்டுவிடும் என்பதால் பக்கத்திலேயே ஆள் நின்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டியிருந்தது. பிழை வந்தால் இயந்திரமே நிற்கும் என்று ஆனபிறகு ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்தத் தறியின் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பிய காலமும் அதுதான். டொயோட்டா மோட்டார் 1937இல் தனி நிறுவனமானது.

அடுத்த பாடம் கசப்பானது. 1949, 1950 வாக்கில் விற்காத வண்டிகள் தேங்கி, கையில் பணம் வற்றி, நிறுவனம் வங்கிகளின் பிடிக்குள் போனது. 1,600 பேரைக் குறைக்கும் திட்டம் வந்தது, வேலைநிறுத்தம் வந்தது, கடைசியில் கீச்சிரோ பதவி விலகினார். அதே ஆண்டு கொரியப் போர் வெடித்து, அமெரிக்க ராணுவம் லாரி வாங்க ஆரம்பித்ததால் கம்பெனி தப்பியது. விற்காத பொருளைச் செய்து அடுக்குவது எவ்வளவு ஆபத்து என்பதை எந்த வகுப்பும் இல்லாமல் அந்த ஆலை கற்றுக்கொண்டது அப்படித்தான். இயந்திரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த டைச்சி ஓனோ, நூற்பு, நெசவு ஆலையிலிருந்து 1943இல் கார் கம்பெனிக்கு வந்தவர். தறியில் பார்த்ததைக் கார் ஆலைக்குள் கொண்டுவந்தவர் அவர்: பிழை வந்தால் நிற்கட்டும், தேவைக்கு மேல் செய்யாதே. அவர் பட்டியலிட்ட 7 வீணடிப்புகளில் தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதைத்தான் எல்லாவற்றிலும் மோசமானது என்றார். மற்ற ஆறையும் அது மூடி மறைத்துவிடும் என்பது அவர் கணக்கு.

மூடி மறைப்பது எப்படி என்று பார்க்க ஒரு பிரஸ் ஷாப் போதும். தகடு அழுத்தும் பெரிய பிரஸ்ஸில் ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகத்துக்குப் போக வேண்டுமென்றால் டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, மாற்ற வேண்டும். இதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெஷினை நிறுத்துவார்கள். அப்புறம்தான் அடுத்த டை எந்த ரேக்கில் இருக்கிறது என்று தேடுவார்கள். கிரேன் வேறு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். டை வந்தபின் ஸ்பானர் இல்லை என்பார்கள். இறக்கி வைத்தால் உயரம் சரிவராது, கீழே தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும். முதல் துண்டு அடித்து, அளந்து, மறுபடி சரிக்கட்டி, மறுபடி அடித்து, இதிலேயே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும். இவ்வளவு பாடுபட்டு மாற்றிய டையை ஒரு மணி நேரம் மட்டும் ஓட்ட யாருக்கு மனம் வரும்? "இவ்வளவு சிரமப்பட்டாச்சு, ரெண்டு நாளைக்கு ஓட்டிவிடு" என்பார் சூப்பர்வைசர். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு நாள் ஓட்டத்தில் 4,000 துண்டுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை பேலட்டில் ஏறி, வெல்டிங் பிரிவின் வாசலில் காத்திருக்கும். ஐந்தாம் நாள் வெல்டிங்காரர் முதல் பேலட்டைப் பிரிக்கும்போது வளைவில் ஒரு மயிரிழை விரிசல் தெரிகிறது. தேடிப் பார்த்தால் 4,000 துண்டிலும் அதே விரிசல். எந்த ஷிஃப்டில், எந்தத் தகடு ரோலில், டையில் என்ன உடைந்ததால் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஐந்து நாளில் டை மாறி, தகடு மாறி, ஆளும் மாறியாகிவிட்டது. அதே பிரஸ்ஸில் 200 துண்டு அடித்து உடனே வெல்டிங்குக்குக் கொடுத்திருந்தால் நஷ்டம் 200 துண்டு. அதைவிட முக்கியம், காரணம் இன்னும் சூடாக அங்கேயே இருந்திருக்கும். லீன் ஆட்கள் இதற்கு ஏரியை உதாரணம் சொல்வார்கள்: தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அடியில் இருக்கும் பாறைகள் தெரியாது, படகு மேலே போய்க்கொண்டிருக்கும். தண்ணீர்தான் ஸ்டாக். கொஞ்சம் வடியவிட்டால் ஒரு பாறை தலைகாட்டும், அதை உடைத்தபின் இன்னும் கொஞ்சம் வடியவிடலாம்.

உவமை நல்லதுதான். ஆனால் பலர் தண்ணீரை வடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பாறையை உடைக்க ஆள் வைப்பதில்லை. படகு மோதி உடைகிறது, "லீன் நமக்கு ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பிரஸ் ஷாப் பாறையை உடைத்தவர்களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ முக்கியமானவர். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆனதை, 1969இல் முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்ததை அவரே எழுதியிருக்கிறார். இதில் பெரிய இயந்திரச் செலவு எதுவும் இல்லை. மெஷின் நின்றபின் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மெஷின் ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார்கள், அவ்வளவுதான் ஆரம்பம். டையைத் தேடுவது, கிரேனைக் கொண்டுவருவது, ஸ்பானரை எடுத்து வைப்பது எல்லாம் மெஷின் ஓடும்போதே முடிந்துவிட்டால் நேரம் பெருமளவு குறைந்துவிடும். அடுத்து, எல்லா டைகளின் உயரத்தையும் ஒன்றாக்கினால் சரிக்கட்டும் வேலையே இல்லை. போல்ட் பற்றி ஷிங்கோ சொன்ன கணக்கு ரசமானது. ஒரு போல்ட்டில் 15 மரை இருந்தால் 14 சுற்று சும்மா சுற்றுவதுதான். இறுக்குவது கடைசிச் சுற்று மட்டும். அப்படியானால் ஒரே சுற்றில் இறுகும் கிளாம்ப் போதாதா? மாற்றும் நேரம் 3 நிமிடமானபின், இரண்டு நாளைக்கு ஓட்டு என்று சொல்ல சூப்பர்வைசருக்குக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. டை மாற்றும் முறையை மாற்றியதால் அவர் புத்தியும் மாறியது, யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை.

பிரச்சினை தெரிந்துவிட்டது, சரி. அப்புறம்? இங்கேதான் ஐந்து முறை "ஏன்" கேட்கும் பழக்கம் வருகிறது. ஓனோ சொல்லும் உதாரணம் இது. மெஷின் நின்றது, ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்ப்பின் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போனது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் புது ஃபியூஸ் போட்டிருப்பார்கள், சில மாதங்களில் அதுவும் போயிருக்கும். கடைசி வரை போனதால் வடிகட்டி மாட்டினார்கள்.

இதை எல்லாரும் சொல்கிறார்கள். நடைமுறையில் இந்தக் கேள்விச் சங்கிலி எங்கே முறிகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பிழை ஏன் வந்தது, என்ன செய்தோம் என்று வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்பும் எய்ட் டி ரிப்போர்ட் எழுதியவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: "மூலகாரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை, ஆபரேட்டருக்கு ட்ரெய்னிங் அளிக்கப்பட்டது." மூன்றாவது "ஏன்" ஒரு மனிதர் மேல் போய் இடித்துக்கொண்டதும் கேள்வி நின்றுவிடுகிறது, ஏனென்றால் அடுத்த "ஏன்" மேலாளரை நோக்கித் திரும்பும். கவனம் ஏன் குறைந்தது என்று கேட்டால் ஷிஃப்ட் நீளம், வெளிச்சம், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாகங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் வைத்தது என்று பதில்கள் வரும். அவை எல்லாம் யாரோ மேலே எடுத்த முடிவுகள். இன்னொரு குறையும் இந்த முறைக்கு உண்டு. ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றது விட்டுப்போகும். ஃபியூஸ் கதையிலேயே, ஷாஃப்ட் தேய்வதை ஃபியூஸ் போகும்வரை யாரும் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி தனியாக நிற்கிறது. பிழை ஏன் வந்தது என்பது ஒன்று, ஏன் பிடிபடாமல் போனது என்பது வேறொன்று. இரண்டுக்கும் இரண்டு விசாரணை வேண்டும்.

ஆள் மேல் பழி போடாமல் கேள்வியைத் தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1961இல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஷிங்கோ செய்த வேலையைச் சொல்லலாம். அங்கே தயாரான சிறு சுவிட்சில் இரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். அவ்வப்போது ஒரு ஸ்பிரிங் விட்டுப்போகும். தூரத்திலிருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும், ஆள் அனுப்பிப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும், ஊழியர்களைக் கூப்பிட்டுக் கவனமாக இருக்கச் சொல்வார்கள், கொஞ்ச நாள் சரியாக இருக்கும், மறுபடி வரும். ஷிங்கோ ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வேலையை ஆரம்பிக்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போட வேண்டும். அப்புறம் தட்டிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். சுவிட்ச் முடிந்தபின் தட்டில் ஸ்பிரிங் மிச்சமிருந்தால் ஒன்றை விட்டுவிட்டோம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான ஸ்பிரிங் கிடக்கும் பெட்டியிலிருந்து நேராக எடுத்தபோது இது தெரிய வழியே இல்லை. மனிதர்கள் மறப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, மறந்தது கண்ணில் படும்படி வேலையை அமைத்தார், அவ்வளவுதான். தறியில் தொங்கிய உலோகத் துண்டு செய்ததும் இதே வேலைதான்.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்: கயிறு இழுத்ததும் ஓடிவர ஒருவருக்கு எப்படி நேரம் கிடைக்கிறது? இதற்கு நல்ல சோதனைக்களம் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரில் நடந்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்று 1982இல் மூடப்பட்டது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார் என்ற நிலை. லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். போல்ட் இல்லாமலோ தவறான பாகத்தோடோ வண்டி போனால் போகட்டும், வெளியே முற்றத்தில் வைத்துப் பிறகு ரிப்பேர் செய்துகொள்ளலாம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் பழைய சங்கமே. அவர்களில் குழுக்களை ஜப்பானின் டகவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். திரும்பி வந்தபின் ஓரிரு ஆண்டுகளில், அதே மனிதர்கள் செய்த கார் கிட்டத்தட்ட டகவோகா தரத்துக்கு வந்தது, வேலைக்கு வராமல் இருப்பதும் சில சதவீதமாகக் குறைந்தது. அங்கே பொறியாளராக இருந்த ஜான் கிராஃப்சிக் பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போய், 1988இல் எழுதிய கட்டுரையில்தான் இந்த முறைக்கு லீன் என்று பெயர் வைத்தார்.

நம்மியில் இரண்டு ஏற்பாடுகள் அதிகம் பேசப்படாதவை. முதலாவது டீம் லீடர். ஐந்தாறு பேருக்கு ஒருவர், அவருக்கென்று லைனில் நிரந்தர இடம் கிடையாது. கயிறு இழுத்தால் போவது, விடுப்பில் இருப்பவரின் இடத்தில் நிற்பது, மிச்ச நேரத்தில் வேலை முறையைத் திருத்துவது, இதுதான் அவர் வேலை. செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். இரண்டாவது வேலை உறுதி. 1988 வாக்கில் அங்கே செய்த கார் சரியாக விற்காமல் ஆலை முழுத் திறனுக்கு வெகு கீழே ஓடியபோது, யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிஞ்சிய ஆட்களைப் பயிற்சிக்கும் சீர்திருத்த வேலைக்கும் அனுப்பினார்கள். தன் வேலையில் 10 நொடி மிச்சப்படுத்தும் வழியைச் சொன்னால் தன் பக்கத்தில் நிற்பவனுக்கு வேலை போகும் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்?

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. ஒரு மூத்த அதிகாரி, நம்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து வந்து அப்படியே செய்யுங்கள் என்று உத்தரவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள். வேன் நைஸ் ஆலையில் முயன்றார்கள், எடுபடவில்லை, 1992இல் அது மூடப்பட்டது. படத்தில் கயிறு விழும், பலகை விழும். டீம் லீடருக்கு ஒதுக்கிவைத்த வெறும் நேரம் படத்தில் விழாது.

அந்த வெறும் நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு மேசை, ஓர் ஆள், ஒரு வேலைக்குச் சராசரி 10 நிமிடம். வேலைகள் சீராக வராமல் முன்னும் பின்னுமாக வருகின்றன, முடிக்கும் நேரமும் ஏறி இறங்குகிறது. வரிசைகளைப் பற்றிய கணிதத்தின் எளிய மாதிரிப்படி, அவர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் புதிதாக வரும் ஒரு வேலை சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் 190 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். கடைசி 15 சதவீதத்தைப் பிழிந்தெடுத்ததற்கு விலை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு காத்திருப்பு. ஆளைச் சும்மா விடக்கூடாது என்று கண்காணிக்கும் மேலாளர் தன் சம்பளச் செலவில் சேமிப்பதை, வாடிக்கையாளரின் நேரத்திலிருந்து எடுத்துக்கொடுக்கிறார். டீம் லீடர் 95 சதவீதம் பிஸியாக இருந்தால் கயிறு இழுத்தபின் அவர் எப்போது வருவார் என்பதற்கும் இதே கணக்குதான்.

அலுவலகத்துக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது. உள்ளே கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரி நாட்கள் வரும். கடன் பிரிவில் 60 ஃபைல் கிடக்கிறது, நாளுக்கு 6 முடிகிறது என்றால், இன்று வரும் மனுவுக்கு 10 நாள். ஃபைலைக் கையில் எடுத்தால் முக்கால் மணி நேர வேலைதான் என்றாலும் 10 நாள். அவசரம் என்று ஒட்டுப்போட்ட ஃபைல்கள் முன்னே போனால் மற்றவை பின்னே போகும், சராசரி மாறாது. 10 நாளை 5 ஆக்க இரண்டே வழி: நாளுக்கு 12 முடிப்பது, அல்லது 30க்கு மேல் உள்ளே விடாமல் இருப்பது. கான்பன் அட்டை ஆலையில் செய்வது இரண்டாவதை. அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பெட்டியைச் செய்யலாம், அட்டைகளின் எண்ணிக்கையே உள்ளே இருக்கக்கூடிய சரக்கின் உச்சவரம்பு. அலுவலகத்தில் இப்படி வரம்பு வைத்தால் வாசலில் ஃபைல் தேங்குவது கண்ணில் படும், திட்டு விழும், ஆனால் எந்த மேசையில் அடைப்பு என்றும் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் சுவரில் ஒட்டும் சீட்டுகளுக்கு இதே பெயரை வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் பார்த்தால் "நடந்துகொண்டிருப்பவை" என்ற கட்டத்தில் வரம்பே இல்லாமல் சீட்டுகள் குவிந்திருக்கும். வரம்பில்லாத பலகை வெறும் அலங்காரம்.

இவ்வளவு சொன்னபிறகு, இந்த முறை உடையும் இடத்தையும் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடிகாலையில் ஜப்பானின் கரியா நகரில் இருந்த ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. பிரேக் அழுத்தத்தைப் பகிர்ந்து கொடுக்கும், கைக்குள் அடங்கும் ஒரு வால்வு அங்கே தயாரானது. டொயோட்டாவுக்கு வேண்டிய அந்த வால்வில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்துதான் வந்தது, கையிருப்போ சொற்பம். சில நாளில் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் பெரும்பாலும் நின்றன. அப்புறம் நடந்ததுதான் வியப்பு. 60க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட, ஐசினிடமிருந்து வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைச் செய்ய இறங்கின. விலை என்ன, பணம் எப்போது என்று முன்கூட்டிப் பேரம் எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் போல ஆனதும் உற்பத்தி கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்தது. ஸ்டாக் இல்லாததுதான் ஆலையை நிறுத்தியது. கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்கள் இருந்ததுதான் அதைத் திறந்தது.

ஆனால் எல்லாப் பாகத்துக்கும் 60 பட்டறை கிடைக்காது. 2011 நிலநடுக்கத்தில் ஜப்பானின் சிப் ஆலைகள் முடங்கியபின் டொயோட்டா தன் கொள்கையைத் திருத்திக்கொண்டது. எளிதில் மாற்று கிடைக்காத சிப்புகளை 2 முதல் 6 மாதத் தேவை அளவுக்கு இருப்பு வைக்கச் சப்ளையர்களிடம் சொன்னது. 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாட்டில் மற்ற கார் கம்பெனிகள் முதலில் தவித்தபோது டொயோட்டா ஓரளவு தாக்குப்பிடித்தது இதனால்தான். தேவைப்படும் நேரத்தில் மட்டும் பாகம் வந்தால் போதும் என்ற ஜஸ்ட் இன் டைம் முறையைக் கொடுத்தவர்களே மாதக்கணக்கில் ஸ்டாக் வைத்தார்கள் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. சிப் செய்ய மாதங்கள் ஆகும், நாள் கணக்கில் ஓடிவரும் ஆள் அங்கே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சரக்கு நிற்கிறது. 2023 ஆகஸ்டு 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. பாகம் ஆர்டர் செய்யும் கணினி அமைப்பில் பராமரிப்பு வேலை நடந்தபோது சர்வரின் டிஸ்க்கில் இடம் போதவில்லை. மாற்றாக வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதே காரணத்துக்கு அதுவும் நின்றது.

மனிதர்கள் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. 1972இல் பத்திரிகையாளர் சதோஷி கமாடா பருவகாலத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து, லைனின் வேகம் உடம்பை என்ன செய்கிறது என்று எழுதினார். 2007இல் நாகோயா மாவட்ட நீதிமன்றம், இறந்துபோன ஒரு டொயோட்டா ஊழியரின் வழக்கில், வேலை நேரத்துக்கு அப்பால் அவர் தரவட்டக் கூட்டங்களிலும் (தரத்தை மேம்படுத்த ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடுவது) யோசனை சொல்லும் திட்டத்திலும் செலவிட்ட நேரமும் வேலைதான் என்று தீர்ப்பளித்தது. விருப்பத்தின் பேரில் செய்வது என்று நிறுவனம் சொல்லிவந்த நேரம் அது. கைசன், அதாவது சிறுசிறு தொடர் சீர்திருத்தம், என்று நம் ஊர் ஆலைகளில் பெருமையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்களே, அதற்கான நேரம் ஷிஃப்டுக்குள் வருகிறதா, பஸ் கிளம்பிய பிறகு வருகிறதா என்று கேட்டால் பல விஷயம் புரியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. 2002இல் டி.வி.எஸ். மோட்டார், பின்னாலேயே லூகாஸ் டி.வி.எஸ்., ரானே குழுமம் என்று வரிசையாக வந்தன. டெமிங் பரிசு தர மேலாண்மைக்கானது, லீனுக்கென்று தனியாகத் தருவதல்ல. ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் இரண்டும் ஒரே பழக்கங்கள்தான். இந்தப் பெரிய ஆலைகள் நன்றாகவே கற்றுக்கொண்டன.

சிக்கல் அவற்றுக்குக் கீழே, அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளில். பெரிய ஆலை தன் ஸ்டாக்கைக் குறைத்தது என்றால் பல நேரம் அது மறையவில்லை, சப்ளையரின் கோடவுனுக்கு இடம்மாறியது, அதற்கான வட்டியோடு. லைனில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாதவர் எந்தத் தைரியத்தில் லைனை நிறுத்துவார்? குறையைப் பார்த்தும் பார்க்காததுபோல அடுத்த துண்டை எடுப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

மத்திய அரசு 2023 மார்ச்சில் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான லீன் திட்டத்தை மறுபடி தொடங்கியது. மூன்று படிகள், வழிகாட்டும் ஆலோசகருக்கான செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும். நல்ல திட்டம், பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆலோசகர் வந்து தரையில் மஞ்சள் கோடு போட்டு, எந்தக் கருவி எங்கே என்று உருவம் வரைந்து காட்டும் நிழல்பலகை அமைத்துவிட்டுப் போனபின், பிரச்சினை என்று ஒருவர் கையைத் தூக்கினால் ஓடிவரும் ஆளின் சம்பளம் அந்த 90 சதவீதத்தில் வராது. 12 பேர் வேலை பார்க்கும் பட்டறையில் தனியாக ஒரு டீம் லீடர் வைக்க முதலாளியால் முடியாது என்பதும் உண்மை. அங்கே அந்த ஆள் முதலாளியேதான், அவரோ காலையில் வங்கி, மதியம் மின்வாரியம், மாலையில் வாடிக்கையாளர் கம்பெனியின் வாசல் என்று ஓடிக்கொண்டிருப்பார். ஷிஃப்ட் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம், செட்டிங் பிழையும் தகடு மாறிய பிழையும் அதிகம் தலைகாட்டும் நேரம், அதில் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு மெஷின்களுக்கு நடுவே அவர் நின்றால் ஆரம்பத்துக்கு அது போதும். முதல் வாரம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் வாரத்தில் யாராவது ஒருவர் ரிஜெக்ஷன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார், அப்போது "யார் செஞ்சது?" என்று கேட்காமல் "எந்த இடத்தில் இப்படி ஆச்சு, வா பார்க்கலாம்" என்று அவர் கூடவே நடந்து போக வேண்டும்.